எலும்பு வளர உதவும் பொருள்கள்: பயமும் வேண்டாம், பாராமுகமும் வேண்டாம்

(நம் அறக்கட்டளையின் மாதாந்திர மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில், மருத்துவ உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)

அல்லாஹ்வின் திருப்பெயர் கொண்டு தொடங்குகிறோம்.

 

மஃரிப் தொழுகை முடிந்த கையோடு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். மாடியில் பெண்களும் நிறையப் பேர் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அல்ஹம்துலில்லாஹ். இஷா பாங்கு சொல்வதற்குள் முடித்துவிடுவோம்.

இந்த மாதம் எலும்பைப் பற்றிப் பேசப்போகிறோம். நம் குழுவுக்கு வரும் உதவி மனுக்களில் எலும்பு முறிவு இல்லாத மாதமே கிடையாது. பைக்கில் போய் விழுந்த பையன், குளியலறையில் வழுக்கி விழுந்த பெரியம்மா, கட்டட வேலையில் சாரத்திலிருந்து தவறிய தம்பி என்று வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த மனுவோடு இணைத்திருக்கும் ஆஸ்பத்திரிச் செலவு மதிப்பீட்டில் இப்போதெல்லாம் ஒரு வரி புதிதாக இருக்கிறது. 'போன் கிராஃப்ட்' என்றோ 'போன் சப்ஸ்டிட்யூட்' என்றோ எழுதி, பக்கத்தில் ஒரு பெரிய தொகை போட்டிருப்பார்கள். இது என்ன, எதிலிருந்து எடுத்தது, நமக்குக் கூடுமா என்று சிலர் எங்களிடம் வந்து கேட்கிறார்கள். கேட்கிறவர்களைப் பற்றி எங்களுக்குக் கவலை இல்லை. ஒன்றும் கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறவர்களும், ஒன்றும் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறவர்களும்தான் கவலை.

முதலில் நம் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சம்பந்தப்பட்டவர் சொல்லச் சொன்னதால்தான் சொல்கிறோம். பெயர் வேண்டாம்.

ஒரு சகோதரர். சவூதியிலிருந்து விடுமுறையில் வந்திருந்தபோது பைக் விபத்தில் முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்துவிட்டது. ராடு வைத்து ஆபரேஷன் செய்தார்கள். பத்து மாதம் ஆகியும் எலும்பு கூடவில்லை. உடைந்த இரண்டு முனைகளுக்கும் நடுவில் இடைவெளி அப்படியே இருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி, "இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து வைக்க வேண்டும். அது மட்டும் போதாது, கூட ஒரு பொருளையும் கலந்து வைக்க வேண்டும்" என்றார். வீட்டுக்கு வந்ததும், "அது பன்றி எலும்பு" என்று யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். உம்மா அழுதார்கள். மச்சான், "கொஞ்ச நாள் பார்ப்போம்" என்றார். கொஞ்ச நாள் ஐந்து மாதம் ஆனது. எலும்பு கூடாத காலில் ராடு ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கியது. இரும்புக் கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிகிற மாதிரி, ஒருநாள் படியேறும்போது அந்த ராடு காலுக்குள்ளேயே ஒடிந்துபோனது. மறுபடி பெரிய ஆபரேஷன், இரண்டு மடங்கு செலவு. சவூதி வேலையும் போய்விட்டது.

டாக்டர் வைக்கச் சொன்ன பொருள் என்ன தெரியுமா? ஆலையில் செய்த செராமிக் துகள். அதில் பன்றியும் இல்லை, மாடும் இல்லை. பெட்டியின் மேலேயே எழுதியிருந்தது. யாரும் கேட்கவில்லை.

இதில் எங்கள் தவறும் உண்டு. அந்தக் குடும்பம் மதிப்பீட்டுச் சீட்டைக் கொண்டுவந்தபோது நாங்கள் தொகையை ஒதுக்கிக் கொடுத்துவிட்டோம். அதற்குப் பிறகு ஏன் ஆபரேஷனுக்குப் போகவில்லை என்று ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அந்த உறுத்தலில்தான் இந்தப் பேச்சை ஏற்பாடு செய்தோம்.

எலும்பு உயிருள்ளது

கசாப்புக் கடையில் பார்க்கிற எலும்பை வைத்து, எலும்பு என்றால் கல் மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். நம் உடம்பில் இருக்கும் 206 எலும்புகளும் உயிருள்ளவை. உள்ளே ரத்தம் ஓடுகிறது. எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த உப்பு. மீதியில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரத நாரும் தண்ணீரும். உப்பு கெட்டித்தன்மையைத் தருகிறது, நார் சட்டென்று நொறுங்காமல் காக்கிறது.

எலும்புக்குள் பழையதை அரித்து எடுக்கும் செல்களும் புதிதாகக் கட்டும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. வளர்ந்த ஒரு மனிதரின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. தோலில் வெட்டுப்பட்டால் தழும்பு விழும். எலும்பு ஒழுங்காக ஆறினால் தழும்பு இல்லாமல், எலும்பாகவே ஆறும். சூரா யாசீனின் கடைசிப் பகுதியை ஓதும் நமக்கு, எலும்பை உண்டாக்கியவனின் ஆற்றலைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எலும்பு முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கட்டுகிறது. அந்த ரத்தக்கட்டுதான் ஆறுவதன் முதல் படி. உடைந்த இடத்தை எண்ணெய் போட்டு நீவக் கூடாது என்று டாக்டர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு அதற்குள் புது ரத்தக் குழாய்கள் நுழைகின்றன. இரண்டு மூன்று வாரங்களில் குருத்தெலும்பு போல் மிருதுவான ஓர் இணைப்பு உண்டாகிறது. அதில் சுண்ணாம்புச் சத்து ஏறிக் கெட்டியாகிறது. அதன் பிறகு மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், உடம்பு அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவருகிறது.

பெரும்பாலான முறிவுகள் இப்படியே கூடிவிடும். அவற்றுக்கு எந்தப் பொருளும் தேவையில்லை. சிலருக்குக் கூடுவதில்லை. உடையும்போதே எலும்புத் துண்டு தெறித்து வெளியே போயிருக்கும். காயத்தில் சீழ் பிடித்திருக்கும். ரத்த ஓட்டம் கெட்டிருக்கும். முனைகள் அசைந்துகொண்டே இருக்கும். சர்க்கரை கட்டுக்குள் இருக்காது. புகைப்பழக்கம் இருக்கும். 9 மாதம் கடந்தும், அதில் கடைசி 3 மாதத்தில் எக்ஸ்ரேயில் எந்த முன்னேற்றமும் இல்லையென்றால், அது தானாகக் கூடாது என்று பொதுவாக முடிவு செய்கிறார்கள். கட்டியை எடுத்த பள்ளம், பல் பிடுங்கிய பின் கரைந்துபோன தாடை எலும்பு, முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளைச் சேர்க்கும் ஆபரேஷன், இங்கெல்லாம்கூட எலும்பு வளர உதவி தேவைப்படுகிறது.

பந்தலும் கொடியும்

அந்த உதவி என்ன செய்கிறது? வீட்டுக் கொல்லையில் சுரைக்கொடிக்குப் பந்தல் போடுகிறோம். பந்தல் இல்லாவிட்டால் கொடி படர இடமில்லாமல் தரையில் சுருண்டு கிடக்கும். பந்தல் போட்டால் கம்பைப் பிடித்துக்கொண்டு ஏறும். ஆனாலும் பந்தல் காய்ப்பதில்லை. காய்ப்பது கொடிதான். எலும்பு இடைவெளியில் வைக்கும் பொருளும் ஒரு பந்தல். நுண்ணிய துளைகள் நிறைந்தது. அந்தத் துளைகளுக்குள் ரத்தக் குழாய்களும் எலும்பு கட்டும் செல்களும் ஏறிப் படர்கின்றன. எலும்பைக் கட்டுவது உங்கள் உடம்பு. 'மருந்து வைத்து எலும்பை ஒட்டவைத்துவிட்டார்கள்' என்று சொல்வது சரியல்ல.

இந்தப் பந்தல் நான்கு வகையாகக் கிடைக்கிறது.

முதலாவது, உங்கள் சொந்த எலும்பு. பெரும்பாலும் இடுப்பு எலும்பின் விளிம்பிலிருந்து எடுப்பார்கள். இன்றுவரை மற்ற எல்லாவற்றையும் இதனோடுதான் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், ஏனென்றால் இதில் பந்தலும் இருக்கிறது, உயிருள்ள செல்களும் இருக்கின்றன. குறை என்னவென்றால், எடுக்க முடிகிற அளவு கொஞ்சம்தான். எடுத்த இடத்தில் இன்னொரு காயம், சிலருக்குப் பல மாதம் வலி.

இரண்டாவது, இன்னொரு மனிதர் தானமாகத் தந்த எலும்பு. இடுப்பு மூட்டு மாற்றும்போது வெளியே எடுக்கும் தொடை எலும்பின் தலைப்பகுதியை, நோயாளியின் சம்மதத்தோடு சேமித்துப் பரிசோதித்து, கிருமி நீக்கி வைப்பதும் உண்டு. இறந்தவர் தானமாகத் தந்ததும் உண்டு.

மூன்றாவது, பிராணியின் எலும்பு. பல் மருத்துவத்தில் மாட்டெலும்பு அதிகம் பயன்படுகிறது. சூடேற்றியோ ரசாயனத்தாலோ கொழுப்பு, புரதம் எல்லாவற்றையும் நீக்கி, உப்புப் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு மேலே மூடும் மெல்லிய சவ்வுகளில் சில பன்றியின் கொலாஜனிலிருந்து செய்தவை. ஆகவே நம் மக்களின் சந்தேகத்தை வெறும் வதந்தி என்று ஒதுக்கிவிட முடியாது. நியாயமான கேள்விதான். கேட்க வேண்டிய இடத்தில் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான்காவது, செயற்கையாகச் செய்தது. 1892ல் ஜெர்மனியில் ட்ரீஸ்மன் என்ற மருத்துவர், எலும்பிலிருந்த பள்ளங்களை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கொண்டு நிரப்பியதை எழுதினார். நமக்கு மாவுக்கட்டுப் போடும் அதே பொருள்தான். சுத்திகரித்த கால்சியம் சல்பேட்டாக இன்றும் அது பயன்படுகிறது. சில வாரங்களில் கரைந்துவிடும். டிரைகால்சியம் பாஸ்பேட் கரைய மாதங்கள் ஆகும். நம் எலும்பின் உப்பை ஒத்த ஹைட்ராக்ஸி அபடைட் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். இரண்டையும் கலந்து, சீக்கிரம் கரைவதும் நின்று தாங்குவதுமாகச் செய்த துகள்களும் உண்டு. பந்தல் கொடி ஏறுமுன் விழுந்துவிடவும் கூடாது, கொடி வளர இடம் விடாமல் அடைத்துக்கொள்ளவும் கூடாது.

கண்ணாடியிலும் செய்கிறார்கள். 1967ல் அமெரிக்காவில் லாரி ஹென்ச் என்ற பொருளியல் விஞ்ஞானி ஒரு கருத்தரங்குக்குப் பேருந்தில் போனபோது, பக்கத்தில் வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு ராணுவ அதிகாரி உட்கார்ந்திருந்தார். உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் உடம்பு ஏற்றுக்கொள்ளாததால் வீரர்களின் கைகால்களை வெட்ட வேண்டியிருக்கிறது, உடம்பு ஏற்றுக்கொள்ளும் ஒரு பொருளை உங்களால் செய்ய முடியாதா என்று அவர் கேட்டாராம். இரண்டு ஆண்டு கழித்து ஹென்ச் ஒரு கண்ணாடியைச் செய்தார். சிலிக்கா, சோடியம், கால்சியம், பாஸ்பரஸ் கலந்தது. எலியின் தொடை எலும்பில் வைத்து ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், அது எலும்போடு சேர்ந்துபோய் இழுத்தாலும் வரவில்லை. உடம்பில் வைக்கும் பொருள் ஒன்றும் செய்யாமல் சும்மா கிடந்தால் போதும் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். எலும்போடு பிணையும் பொருளும் உண்டு என்பது அப்போது தெரிந்தது.

நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் எலும்புக்கான செராமிக் பொருள்களை உருவாக்கியிருக்கிறது. எல்லாமே வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

இவை தவிர, எலும்பை வளரத் தூண்டும் புரதங்களும் இருக்கின்றன. உப்பு நீக்கிய எலும்பைப் பிராணிகளின் தசைக்குள் வைத்தால் அங்கேயும் புது எலும்பு உண்டாகிறது என்று 1965ல் அமெரிக்க மருத்துவர் மார்ஷல் யூரிஸ்ட் காட்டினார். அதிலிருந்து வந்த வகை இது. விலை அதிகம், எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல. பக்க விளைவுகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டே முடிவு செய்ய வேண்டும்.

எந்தப் பொருளை வைத்தாலும் சில விஷயங்கள் மாறாது. செராமிக்கும் கண்ணாடியும் அழுத்தத்தைத் தாங்கினாலும் வளைத்தால் நொறுங்கும். ஆகவே பிளேட்டும் ராடும் தேவைதான். சீழ் இருக்கும் இடத்தை முதலில் சுத்தம் செய்தாக வேண்டும். எதை வைத்தாலும் எலும்பு கூட மாதங்கள் ஆகும்.

கூடுமா, கூடாதா?

நாங்கள் ஆலிம்கள் அல்ல. ஃபத்வா கொடுப்பது எங்கள் வேலையும் அல்ல. இந்தப் பேச்சுக்கு முன் நம் பள்ளி இமாமிடமும் மதரஸா உஸ்தாதுமார்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவற்றை மட்டும் சொல்கிறோம்.

ஸஹாபி அர்ஃபஜா (ரலி) அவர்களின் செய்தியைக் கேட்டிருப்பீர்கள். இஸ்லாத்துக்கு முன் நடந்த ஒரு போரில் அவர்களுடைய மூக்கு போய்விட்டது. வெள்ளியில் மூக்கு செய்து வைத்தார்கள். அது நாற்றமெடுத்தது. தங்கத்தில் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தங்கம் அணிய அனுமதி இல்லை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். உடம்புக்கு ஒத்துவராத வெள்ளியை விட்டு ஒத்துவரும் தங்கத்தை வைத்துக்கொள்ளச் சொன்ன இந்த ஹதீஸைத்தான், பற்களைத் தங்கக் கம்பியால் கட்டுவது போன்றவற்றுக்கு அறிஞர்கள் ஆதாரமாக எடுக்கிறார்கள்.

எலும்பைப் பற்றியே நம் ஃபிக்ஹ் நூல்களில் பேசியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 676ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்', ஷாஃபிஈ மத்ஹபின் அடிப்படை நூல்களில் ஒன்று. சுத்தமான எலும்பு கிடைக்காத நிலையில் அசுத்தமான எலும்பைக் கொண்டு தன் எலும்பைச் சேர்த்துக்கொண்டவரின் நிலை அதில், தொழுகைப் பாடத்திலேயே வருகிறது. அவர் மன்னிக்கப்பட்டவர், அவர் தொழுகைக்குத் தடையில்லை. சுத்தமானது கிடைத்தும் அசுத்தமானதை வைத்தவர், எடுப்பதால் பெரிய கெடுதி இல்லையென்றால் எடுத்துவிட வேண்டும். ஏறக்குறைய 750 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கேள்வியைக் கேட்டு விடையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சுத்தமானது கிடைக்கிறதா என்று முதலில் தேடு. கிடைக்காவிட்டால் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே. நாங்கள் புரிந்துகொண்டது இதுதான்.

ஹனஃபி மத்ஹபில், பன்றியைத் தவிர மற்றப் பிராணிகளின் எலும்பு, கொழுப்பு ஈரம் நீங்கியிருந்தால் சுத்தமானது என்பது நிலைபாடு. சொந்த எலும்பை எடுத்து வைப்பதைப் பற்றி, 1988ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி முடிவு சொல்லியிருக்கிறது. ஒருவர் உடம்பின் ஒரு பகுதியை அவர் உடம்பிலேயே வேறு இடத்தில் வைப்பது, வரும் நன்மை தீங்கைவிட அதிகமாக இருந்தால் கூடும். பிறர் எலும்பு விஷயத்திலும், பன்றியிலிருந்து வந்து முற்றிலும் மாறிப்போன பொருள் விஷயத்திலும் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. உங்களுக்கு அந்த நிலை வந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்த பெயரோடு உங்கள் மத்ஹபு ஆலிமிடம் போய்க் கேளுங்கள். திண்ணையில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்காதீர்கள்.

உடம்புக்குள் வெளிப்பொருளை வைப்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்றும் சிலர் பேசுகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில் வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) தம் 'அத்தஸ்ரீஃப்' நூலில், விழுந்த பல்லுக்குப் பதில் மாட்டெலும்பைச் செதுக்கி வைத்துத் தங்கக் கம்பியால் கட்டுவதைப் பற்றி எழுதியிருக்கிறார். நம் முன்னோர் இந்தத் துறைக்கு அந்நியர்கள் அல்ல.

ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை

எலும்பு வெளியே தெரிகிற காயமோ நிற்காத ரத்தமோ இருந்தால் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கும் நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எலும்பு வளர்க்கும் பொருள் வைப்பது பெரும்பாலும் பின்னால், நாள் குறித்துச் செய்யும் ஆபரேஷனில்தான். கேட்க அவகாசம் இருக்கிறது. ஐந்து கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒன்று: எனக்கு இந்தப் பொருள் எதற்காகத் தேவை? இது இல்லாமல் எலும்பு கூடுமா?

இரண்டு: இதன் பெயர் என்ன, எதிலிருந்து செய்தது? மாடு, பன்றி, மனிதர், செயற்கை, இதில் எது? இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பொருளோடு வரும் தாளில் எழுதியிருக்கும்.

மூன்று: இதற்கு மாற்று உண்டா? இடுப்பு எலும்பை எடுத்தால் என்ன, செயற்கைப் பொருளை வைத்தால் என்ன? எதில் வலி, எதில் செலவு, எதில் பலன் அதிகம்?

நான்கு: இந்தப் பொருளுக்கு மட்டும் எவ்வளவு? அரசுக் காப்பீட்டில் வருமா, வெளியே வாங்க வேண்டுமா?

ஐந்து: எப்போது காலை ஊன்றலாம், எப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும்?

ஆபரேஷன் முடிந்ததும், வைத்த பொருளின் ஸ்டிக்கரை உங்கள் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அது பயன்படும்.

நம் பங்கு

பந்தல் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றாவிட்டால் கொடி காய்ந்துபோகும். ஆகவே கொடியைப் பார்த்துக்கொள்வது நம் வேலை.

சிகரெட், பீடி புகைப்பவர்களுக்கு எலும்பு கூடத் தாமதமாகும். 'ரெண்டுதானே' என்று சொல்லாதீர்கள். சில ஆயிரம் கொடுத்துப் பொருள் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே பற்றவைப்பவரைப் பார்த்திருக்கிறோம். சர்க்கரை உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். பால், முட்டை, மீன், பருப்பு, கீரை தட்டில் இருக்க வேண்டும். வெயில் படாமல் வீட்டுக்குள்ளேயே இருக்கும் தாய்மார்களுக்கும் வயதானவர்களுக்கும் வைட்டமின் டி குறைந்திருக்கக்கூடும். டாக்டரிடம் கேட்டுப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். கொல்லையிலோ மாடியிலோ கொஞ்ச நேரம் வெயில் படட்டும்.

இன்னொன்று, தொழுகை. உட்கார்ந்து தொழ ஷரீஅத் அனுமதி தந்திருக்கும்போது, டாக்டர் காலை மடக்காதே என்று சொல்லியும், ஸஜ்தா செய்யாமல் மனசு கேட்கவில்லை என்று காலை மடக்கி உட்காருகிறார்கள் நம் வாப்பாமார். ஆபரேஷன் செய்த இடம் அசைந்து போகிறது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்றுக்கொள்வதும் வணக்கம்தான். எலும்பு கூடிய பிறகு ஆயுள் முழுக்க ஸஜ்தா செய்யலாம், இன்ஷா அல்லாஹ்.

முதலில் சொன்ன அந்தச் சகோதரரிடம் திரும்ப வருவோம். ஒடிந்த ராடை எடுத்து, புது ராடு போட்டு, இடுப்பு எலும்போடு செராமிக் துகளைக் கலந்து வைத்தார்கள். ஏழு மாதம் ஆகிறது. எக்ஸ்ரேயில் பாலம் தெரிகிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இப்போது தடியை ஊன்றி ஜும்ஆவுக்கு வருகிறார். கடைசி ஸஃப்பில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "அஞ்சு மாசத்தை யாரும் திருப்பித் தர முடியாது. மத்தவங்களுக்காவது சொல்லுங்க" என்று சொன்னார். சொல்லிவிட்டோம்.

இனி எங்கள் நடைமுறையும் மாறுகிறது. எலும்பு ஆபரேஷனுக்கு உதவி கேட்டு வருபவர்கள், தேதி குறிப்பதற்கு முன்பே மதிப்பீட்டுச் சீட்டோடு அலுவலகத்துக்கு வந்துவிடுங்கள். விருப்பப்பட்டால் நம் தொண்டர் ஒருவர் உங்களோடு ஆஸ்பத்திரிக்கு வந்து இந்த ஐந்து கேள்விகளையும் கேட்டுத் தருவார். பெண் நோயாளிகளுக்குப் பெண் தொண்டர்கள் வருவார்கள். மார்க்கச் சந்தேகம் இருந்தால் ஆலிமிடம் நாங்களே அழைத்துப் போகிறோம். தொகை ஒதுக்கிய மூன்றாவது வாரம், ஆபரேஷன் ஆனதா என்று வீட்டுக்கு வந்து கேட்போம். தொந்தரவு செய்கிறோம் என்று நினைக்காதீர்கள்.

இந்தப் பைத்துல்மாலில் இருக்கும் ஒவ்வொரு ரூபாயும் நீங்கள் கொடுத்த ஸதகா. அது சரியான நேரத்தில் போய்ச் சேர வேண்டும். தாமதத்தால் இரண்டு மடங்காகச் செலவானால், இன்னொரு ஏழைக்குப் போக வேண்டியது குறைகிறது.

நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபா தருவானாக. படுக்கையில் இருப்பவர்களை எழுந்து நடக்க வைப்பானாக. அவர்களைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தாருக்குப் பொறுமையையும் நற்கூலியையும் தருவானாக. ஆமீன்.